தோட்டத்து ஊரிலிருந்து முதல் வேலைக்கு: புதிய பட்டதாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லூனாஸ், சுற்றியுள்ள தோட்டங்கள் என்று இந்தப் பக்கத்திலிருந்து பல்கலைக்கழகம் போய், பட்டத்தோடு வீடு திரும்பி, இன்னும் முதல் வேலை அமையாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதே அலைச்சலை நானும் பட்டேன். இப்போது கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடும் பிரிவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும் சமயத்தில் வரும் ரெஸ்யூமேக்களைப் பிரித்துத் தரும் வேலையும் என்னிடம் வருகிறது. நம் ஊர்ப் பெயர் போட்ட ரெஸ்யூமே வரும்போதெல்லாம் கூடுதலாக ஒரு நிமிடம் வைத்துப் பார்ப்பேன். பல நேரம் மனசு கஷ்டமாகிவிடும். நம் பிள்ளைகளிடம் திறன் இருக்கிறது. அதைக் காட்டத்தான் கையில் ஒன்றும் இருப்பதில்லை. "குழுவாக வேலை செய்யத் தெரியும், கணினி தெரியும், பொறுப்பானவன்" என்று எழுதியிருப்பார்கள். எதை வைத்து நம்புவது?

கீழே சொல்லும் வரிசையில் செய்தால் அந்தக் குறை பெரும்பாலும் தீரும். கடைசி செமஸ்டர் முடிந்த கையோடு தொடங்கிவிடுங்கள், பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்க வேண்டாம். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் வாங்கியிருந்தால், படிப்பு முடிந்து 12 மாதத்தில் திருப்பிக் கட்டும் கடமை வந்துவிடும். அதற்குள் சம்பளம் வர வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு நாட்களைத் திட்டமிடுங்கள்.

1. முதலில் பத்திரங்கள்

ஒரு கோப்பு வாங்கி, இவற்றின் அசலை வரிசையாக அடுக்குங்கள்: ஐ.சி. (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழ், எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) அல்லது மெட்ரிகுலேஷன் அல்லது டிப்ளோமா, முயெட் ஆங்கிலத் தேர்வு முடிவு, பட்டச் சான்றிதழ், முழு மதிப்பெண் பட்டியல், தொழிற்பயிற்சி செய்த இடத்தின் கடிதம், லைசென்ஸ். பட்டச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை என்றால், படிப்பு முடிந்ததை உறுதிசெய்யும் கடிதத்தைப் பல்கலைக்கழகத்தில் கேட்டு வாங்குங்கள். அதை வைத்தே விண்ணப்பிக்கலாம்.

அடுக்கும்போதே ஒன்றைப் பாருங்கள். எல்லாத் தாளிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? ஐ.சி.யில் "இன்னாரின் மகள்" என்பதற்கு "ஏ/பி" என்று இருக்கும், எஸ்.பி.எம்.மில் "அனாக் பெரெம்புவான்" என்று முழுசாக இருக்கும், பட்டச் சான்றிதழில் அது இல்லாமலே போயிருக்கும். அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். என் சான்றிதழிலும் ஒரு பிழை இருந்தது. அதைத் திருத்தி வாங்க பல்கலைக்கழக அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் மாதக்கணக்கில் போய்விட்டது. வேலை கிடைத்த பிறகு இதைக் கண்டுபிடித்தால், சேரும் தேதியே தள்ளிப்போகலாம். ஐ.சி.யில் உள்ள எழுத்துத்தான் அளவுகோல். மற்றதில் பிழை இருந்தால் இப்போதே எழுதித் திருத்தக் கேளுங்கள்.

இணையத்தில் விண்ணப்பிக்கும்போதும் இந்தப் பெயர்த் தொல்லை வரும். சில படிவங்கள் சாய்கோட்டை ஏற்காது. அப்போது ஏ, பி என்ற இரண்டு எழுத்தை மட்டும் போடுங்கள். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று தனித்தனியாகக் கேட்டால், உங்கள் பெயரை முதலிலும் அப்பா பெயரை இரண்டாவதிலும் போடுங்கள். எல்லா இடத்திலும் இதையே பின்பற்றுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். போனிலேயே இலவசச் செயலிகள் இருக்கின்றன. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம், உங்கள் நிழல் தாளின் மேல் விழாமல் எடுங்கள். ஒவ்வொன்றும் தனி பி.டி.எஃப்., பெயரில் உங்கள் பெயரும் பத்திரத்தின் பெயரும் இருக்கட்டும். பல படிவங்கள் பெரிய கோப்பை ஏற்காது, அதனால் ஒவ்வொன்றையும் 2 எம்.பி.க்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பிரதியை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.

சான்றுறுதி செய்த நகல் கேட்டால் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடமோ பெங்ஹுலு என்ற வட்டாரத் தலைவரிடமோ போங்கள். அசலையும் நகலையும் சேர்த்துக் கொண்டு போக வேண்டும். இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வெளி மாநிலத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் மறந்துவிடும் ஒன்று: கெடாவில் அரசாங்க அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை, ஞாயிறு வேலை நாள். பினாங்கில் சனி, ஞாயிறு விடுமுறை. கூலிமில் முடிக்க வேண்டிய வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை போகலாம்.

2. விளம்பரங்களைப் படித்துப் பட்டியல் போடுங்கள்

எந்தத் திறனை வளர்ப்பது என்று யாரிடமும் கேட்பதற்கு முன்னால், வேலை விளம்பரங்களையே கேளுங்கள். ஜாப்ஸ்ட்ரீட், லிங்க்ட்இன், மைஃபியூச்சர்ஜாப்ஸ் ஆகிய மூன்று வேலைத் தளங்களிலும் உங்கள் படிப்புக்குப் பொருந்தும் விளம்பரங்கள் ஒரு இருபதைத் திறந்து, ஒவ்வொன்றிலும் கேட்கும் திறன்களை நோட்டில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். பாதிக்கு மேல் விளம்பரங்களில் வருவதை உடனே கற்றுக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டில் மட்டும் வருவதை அப்புறம் பார்க்கலாம்.

கூலிம் ஹைடெக்கை மட்டும் எடுத்துக்கொண்டால், இன்ஃபினியன், இன்டெல், ஏ.டி.&எஸ்., ஃபர்ஸ்ட் சோலார் போன்ற பெரிய ஆலைகள் அங்கே இருக்கின்றன. அவற்றுக்குப் பொருள் தருகிற, பராமரிப்புச் செய்கிற, லாரி விடுகிற சின்ன நிறுவனங்களும் சுற்றிலும் உண்டு. எல்லாரும் பெரிய பெயர்களுக்கே அனுப்புகிறார்கள். முதல் வேலைக்கு அந்தச் சின்ன நிறுவனங்கள் நல்ல இடம் என்பது என் எண்ணம். அங்கே கொள்முதலும் நீங்கள்தான், ஸ்டோர் கணக்கும் நீங்கள்தான், வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவதும் நீங்கள்தான். இரண்டு வருடத்தில் நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

எந்தத் துறையாக இருந்தாலும் இந்தப் பக்கத்து விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படுவது இவைதான்: எக்செல், ஆங்கிலத்தில் பேச்சும் மின்னஞ்சலும், சொந்தப் போக்குவரத்து. பொறியியல் என்றால் 8டி (சிக்கல் தீர்க்கும் எட்டுப் படி முறை), 5எஸ் (வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் முறை), புள்ளிவிவரத் தரக் கட்டுப்பாடு. கணக்கியல் என்றால் எஸ்.கியூ.எல். அக்கவுண்ட் அல்லது ஆட்டோகவுண்ட் என்ற கணக்கு மென்பொருள். மேண்டரின் கேட்கும் விளம்பரங்களும் வரும். அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். "இருந்தால் நல்லது" என்று போட்டிருந்தால் தாராளமாக விண்ணப்பியுங்கள். "கட்டாயம்" என்றும், சீன வாடிக்கையாளரோடு பேசும் வேலை என்றும் போட்டிருந்தால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

3. கையில் காட்ட ஒரு வேலை செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

வேலை அனுபவம் இல்லை என்று நினைக்கிறோம். ஆனால் நம் ஊரைச் சுற்றிப் பார்த்தால், கணக்குப் பார்க்க ஆள் இல்லாத இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. கோவில் திருவிழாக் கணக்கு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வரவு செலவு, மாமாவின் சொந்த நிலத்துச் செம்பனைக் குலை எடைச் சீட்டு, மளிகைக் கடையின் கடன் நோட்டு. அதில் ஒன்றை எடுத்து ஒழுங்காகச் செய்து கொடுங்கள்.

எப்படி என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். திருவிழா முடிந்ததும் கோவில் பொருளாளரிடம் ரசீது அடிக்கட்டைகளும் ஒரு 555 சின்னக் குறிப்பு நோட்டும் இருக்கும். அதில் பேனா, பென்சில் இரண்டிலும் எழுதியிருக்கும், சில இடத்தில் எண்ணெய்க் கறை பட்டுத் தொகை மங்கியிருக்கும். ஐயாவிடம் அனுமதி கேட்டு அதை வாங்கி, எக்செலில் இப்படி நிரல்கள் போடுங்கள்: தேதி, ரசீது எண், தொகை, வகை, வசூலித்தவர். வகை என்றால் அர்ச்சனை, உபயம், அன்னதானம், பொது நன்கொடை. கொடுத்தவர் பெயரும் போன் எண்ணும் வேண்டாம். பிறகு உங்கள் கோப்பை வெளியாட்களிடம் காட்டப் போகிறீர்கள். மற்றவர்கள் விவரம் அதில் இருக்கக் கூடாது.

எல்லாம் ஏற்றி முடித்ததும் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, ரசீது எண்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு எண்ணிலிருந்தும் முந்தைய எண்ணைக் கழியுங்கள். விடை 1 வராத இடத்தில் ரசீது விடுபட்டிருக்கிறது, அல்லது இரண்டு முறை ஏறியிருக்கிறது. இரண்டு, பிவட் டேபிள் (தொகுப்பு அட்டவணை) போட்டு எந்த நாளில் எந்த வகையில் எவ்வளவு வந்தது என்று எடுங்கள். மூன்று, மொத்தத்தை வங்கியில் கட்டிய சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் எங்கே என்று தேடிப் பிடியுங்கள். கடைசியாக ஒரே பக்கத்தில் ஓர் அறிக்கை, மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிப் பொருளாளரிடம் கொடுங்கள். யார் மேலும் குற்றம் சொல்லும் தொனி அதில் வேண்டாம். விடுபட்ட எண்களை மட்டும் பட்டியல் போட்டால் போதும்.

மாலை நேரங்களில் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் முடிகிற வேலை இது. செலவு கிட்டத்தட்ட இல்லை. மடிக்கணினி இல்லாதவர்கள் பக்கத்தில் உள்ள நாடி மையத்துக்குப் போங்கள். முன்பு கிராம இணைய மையம் என்று இருந்ததுதான் இப்போது அந்தப் பெயரில் இயங்குகிறது. அங்கே கணினியும் இணையமும் இருக்கும், அடிப்படைப் பயிற்சிகளும் நடக்கும். எக்செலை உலாவியிலேயே இலவசமாகப் பயன்படுத்தலாம். கூகுள் ஷீட்ஸும் ஆகும்.

முடித்ததும் கோவில் நிர்வாகத்திடம் ஒரு கடிதம் கேளுங்கள். "நல்ல பிள்ளை" என்று எழுதும் கடிதம் உதவாது. என்ன வேலை, எந்த மாதத்தில், எத்தனை ரசீது, என்ன முடிவு என்று நான்கு வரி, தலைவர் கையெழுத்து, கோவில் முத்திரை இருந்தால் போதும். அவர்களுக்கு எழுத நேரம் இருக்காது. நீங்களே தட்டச்சு செய்து கொண்டு போனால் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள்.

நேர்முகத் தேர்வில் "எக்செல் தெரியுமா?" என்று கேட்கும்போது, தெரியும் என்று சொல்லி நிறுத்தாமல் இதைச் சொல்லுங்கள். கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். இதைப் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு தம்பி தன் அப்பாவின் செம்பனை எடைச் சீட்டுகளை வைத்து, மழை மாதங்களில் விளைச்சல் எப்படி மாறுகிறது என்று ஒரு வரைபடம் போட்டுக் கொண்டுவந்தார். எங்கள் மேலாளர் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

பொறியியல் படித்தவர்கள் கெட்டுப்போகும் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம். அடிக்கடி நிற்கும் தண்ணீர் பம்ப் போதும். ஏன் நின்றது என்று ஐந்து முறை கேட்டு மூலகாரணம் வரை போய், என்ன செய்தீர்கள், திரும்ப வராமல் இருக்க என்ன ஏற்பாடு என்று 8டி வடிவத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். கலைப் பாடம் படித்தவர்கள் டியூஷன் வகுப்பு எடுத்தால், மாணவர்களின் தொடக்க மதிப்பெண்ணையும் மூன்று மாதம் கழித்து எடுத்த மதிப்பெண்ணையும் பதிந்து வையுங்கள். அதுவும் ஆதாரம்தான்.

சான்றிதழ் வகுப்புகளுக்குக் காசு கட்டுவதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதை முடியுங்கள். மனிதவள மேம்பாட்டு நிறுவனமான எச்.ஆர்.டி. கார்ப் நடத்தும் இ-லாத்தி இணையத் தளத்தில் நிறையப் பாடங்கள் இலவசம். ஒன்றுக்கு மட்டும் காசு செலவழிக்கலாம் என்பேன்: பணியிடப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் பயிற்சி. 2024 ஜூன் 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் அப்படி ஒருவரை நியமிக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பயிற்சி சில நாட்களில் முடிந்துவிடும். சின்ன நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இது கைகொடுக்கும்.

4. ஆங்கிலமும் மலாயும் வாய்க்கு வர வேண்டும்

எழுதத் தெரியும், பேசும்போதுதான் திணறுகிறது என்பதுதான் நம்மில் பலருக்கு நிலை. வீட்டில் தமிழ், கடையில் மலாய், பல்கலைக்கழகத்திலும் நண்பர்களோடு தமிழ் அல்லது மலாய். ஆங்கிலம் வாய் வழியாக வெளியே வருவதற்கு வாய்ப்பே இருந்திருக்காது. இதற்கு வகுப்பைவிடப் பழக்கம்தான் பலன் தரும்.

இதே நிலையில் இருக்கும் ஒரு தோழரையோ தோழியையோ பிடியுங்கள். தினம் இரவு அரை மணி நேரம் போனில் ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள். தலைப்பை முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: உங்கள் இறுதியாண்டு ஆய்வு, தொழிற்பயிற்சியில் நடந்த ஒரு சிக்கல், இன்று படித்த செய்தி. உங்களை அறிமுகப்படுத்தும் ஒன்றரை நிமிடப் பேச்சைப் போனில் பதிவு செய்து கேளுங்கள். தொடக்கத்தில் சொந்தக் குரலைக் கேட்கவே பிடிக்காது. இரண்டு வாரம் விடாமல் செய்தால் வேகமும் உச்சரிப்பும் சரியாகத் தொடங்கும்.

மலாயைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அரசாங்க வேலைக்கு எஸ்.பி.எம். மலாயில் கிரெடிட் கேட்பார்கள். அது இல்லாதவர்கள் திரும்ப எழுதும் வாய்ப்பை விசாரியுங்கள், பட்டம் இருந்தாலும் அந்த ஒரு பாடம் வாசலில் நிறுத்திவிடும். தனியார் நிறுவனத்திலும் உற்பத்திப் பகுதியில் ஆட்களோடு பேசுவது மலாயில்தான்.

5. லைசென்ஸ்

நம் ஊருக்கு ரயில் இல்லை, பஸ்ஸை நம்பி ஷிப்ட் வேலைக்குப் போக முடியாது. "சொந்த வாகனம் இருக்கிறதா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். தொழிற்சாலை பஸ் இருந்தாலும் அது பெரும்பாலும் ஷிப்ட் ஆட்களுக்கு, அலுவலக நேரத்தில் வேலை செய்பவர்களுக்கு எல்லா இடத்திலும் கிடைக்காது.

காருக்கு டி, மோட்டார்சைக்கிளுக்கு பி2. கணினித் தேர்வில் 50 கேள்விக்கு 42 சரியாக இருக்க வேண்டும். காருக்கு மொத்தச் செலவு 2,000 வெள்ளியை (ரிங்கிட்) ஒட்டி ஆகும், பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் உண்டு. பணம் கட்டும் முன் மறுதேர்வுக் கட்டணம் தனியா, தேர்வு நாளில் கார் வாடகை சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் என்பதால் மற்ற வேலைகளோடு சேர்த்தே தொடங்குங்கள். பணம் நெருக்கடி என்றால் முதலில் பி2 எடுங்கள், செலவு குறைவு, கூலிமுக்கு மோட்டாரிலேயே போய்வரலாம்.

6. ரெஸ்யூமே

ஒரு பக்கம், அதிகம் போனால் இரண்டு. சமயம், அப்பா அம்மா வேலை, உயரம், எடை எதுவும் வேண்டாம். வீட்டு முகவரி முழுசாக வேண்டாம், ஊரும் மாநிலமும் போதும். மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும்.

மேலே படிப்பு, அதற்கடுத்து நீங்கள் செய்த வேலைகள். மூன்றாவது படியில் செய்தது இங்கேதான் வரும். ஒவ்வொரு வரியும் செய்ததைச் சொல்லட்டும்: எதைச் செய்தீர்கள், எதை வைத்து, என்ன ஆனது. "600 நன்கொடை ரசீதுகளை எக்செலில் பதிந்து, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, விடுபட்ட எண்களைப் பட்டியலிட்டேன்" என்ற ஒரு வரி போதும், "கணினி அறிவு: மிக நன்று" என்று எழுதவே வேண்டியிருக்காது. எண்கள் உண்மையாக இருக்க வேண்டும், கேட்டால் கோப்பைத் திறந்து காட்டும்படி இருக்க வேண்டும்.

ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ரெஸ்யூமேவில் இரண்டு மூன்று வரியாவது மாற்றுங்கள். விளம்பரத்தில் உள்ள சொல்லையே பயன்படுத்துங்கள். நிறமும் படமும் நிறைந்த வார்ப்புருக்கள் வேண்டாம். பல நிறுவனங்களில் ரெஸ்யூமேவை முதலில் மென்பொருள்தான் படிக்கிறது.

7. எங்கே, எப்போது

பெர்கேசோ (சொக்சோ என்றும் சொல்லும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸில் பதிவது இலவசம். இதுவரை வேலையே செய்யாதவர்களும் பதியலாம். வேலைச் சந்தைகள் நடக்கும் அறிவிப்பும் அங்கே வரும். சந்தைக்குப் போகும்போது ரெஸ்யூமே பிரதிகளைக் கட்டாக எடுத்துப் போங்கள், சில நிறுவனங்கள் அங்கேயே நேர்முகத் தேர்வு வைத்துவிடும்.

அரசு சார்பு நிறுவனங்களின் புரொதேஜே பயிற்சித் திட்டமும், அரசுத் துறைகளின் மைஸ்டெப் குறுகிய கால வேலைகளும் புதிய பட்டதாரிகளுக்கு நல்ல தொடக்கம். நிரந்தர வேலை அல்ல என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். நிரந்தர அரசாங்க வேலைக்கு அரசுச் சேவை ஆணையமான எஸ்.பி.ஏ.யில் தனியாகப் பதிய வேண்டும். அந்தப் பதிவுக்குக் கால வரம்பு உண்டு, காலாவதியாகும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வருடக் கடைசியில் பல இடங்களில் புதிய ஆள் எடுப்பதை நிறுத்தி வைப்பார்கள். போனஸ் வாங்கி, சீனப் புத்தாண்டு முடிந்ததும் ஆட்கள் வேலை மாறுவார்கள், இடங்கள் காலியாகும். அதனால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை விடாமல் அனுப்புங்கள். விளம்பரம் வந்து இரண்டு மூன்று நாளுக்குள் அனுப்பிவிடுவது நல்லது. அனுப்பிய ஒவ்வொன்றையும் ஓர் எக்செல் தாளில் பதியுங்கள்: நிறுவனம், பதவி, அனுப்பிய தேதி, எந்த ரெஸ்யூமே, பதில். எந்த இடம் என்று தெரியாமல் போனில் தடுமாறும் நிலை வராது.

8. காசு கேட்டால் விலகுங்கள்

வேலை தருவதற்குக் காசு கேட்பவர் யாராக இருந்தாலும், சொந்தக்காரர் அறிமுகப்படுத்தினாலும், விலகுங்கள். "பதிவுக் கட்டணம்", "சீருடைக்கு முன்பணம்", "மருத்துவச் சோதனைக்கு இந்தக் கணக்கில் போடு" என்று பல பெயரில் வரும். டெலிகிராமில் லைக் போட்டால் சம்பளம் என்பது ஏமாற்று. கம்போடியா, மியான்மார் பக்கம் வாடிக்கையாளர் சேவை வேலை, டிக்கெட் நாங்களே எடுக்கிறோம் என்று வருவது உயிருக்கே ஆபத்து. மலேசியப் பிள்ளைகள் பலர் அப்படிப் போய் மோசடிக் கும்பல்களிடம் மாட்டியிருக்கிறார்கள்.

உங்கள் வங்கிக் கணக்கையோ ஏ.டி.எம். கார்டையோ யாரும் "சம்பளம் போட" வாங்கிக்கொள்ள விடாதீர்கள். பின்னால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். சந்தேகமான கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் போலீசின் செமாக் மூலே தளத்தில் போட்டுப் பார்க்கலாம். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் உடனே 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

ஏமாற்று என்று சொல்ல முடியாத, ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. "மேனேஜ்மென்ட் டிரெய்னி" என்று கூப்பிட்டுவிட்டு வீடு வீடாகப் பொருள் விற்கச் சொல்லும் இடங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி), சொக்சோ கட்டுவீர்களா என்று முதல் போனிலேயே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் போக வேண்டாம்.

9. நேர்முகத் தேர்வு நாள்

முந்தின நாளே வழியைப் பார்த்து வையுங்கள். ஹைடெக் பார்க்கில் வாசலிலிருந்து வரவேற்பறை வரை போகவே நேரம் எடுக்கும். காவலாளி ஐ.சி. அல்லது லைசென்ஸை வாங்கிவைத்துப் பாஸ் கொடுப்பார், சில ஆலைகளில் போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அரை மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். உற்பத்திப் பகுதியைச் சுற்றிக் காட்டக்கூடும், விரல் மூடிய ஷூ போடுங்கள். அசல் பத்திரக் கோப்பும் ஒரு செட் நகலும் கையில் இருக்கட்டும்.

கேள்விகளில் பாதியை முன்கூட்டியே சொல்லிவிடலாம். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், எப்போது சேர முடியும், ஷிப்ட் பரவாயில்லையா, எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள். சம்பளக் கேள்விக்கு "எவ்வளவு கொடுத்தாலும் சரி" என்று சொல்லாதீர்கள். பணிவு என்று நாம் நினைப்போம், கேட்பவருக்கு அது தயாராக வரவில்லை என்று படும். அதே பதவிக்கு விளம்பரங்களில் போட்டிருக்கும் தொகையைப் பார்த்து ஒரு வரம்பு சொல்லுங்கள். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளி. பட்டதாரி வேலைக்கு அதையொட்டி அவர்கள் ஒரு தொகை சொன்னால் காரணம் கேளுங்கள்.

"ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள்?" என்று கேட்டால் நிலைமை, உங்கள் பொறுப்பு, செய்தது, முடிவு என்ற வரிசையில் சொல்லுங்கள். "நாங்கள் செய்தோம்" என்றே பேசிப் பழகிவிட்டோம். அங்கே நீங்கள் செய்ததை "நான்" என்று சொல்ல வேண்டும். அது தற்பெருமை இல்லை. தெரியாத கேள்வி வந்தால் தெரியவில்லை என்று சொல்லி, எப்படித் தேடிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

10. வேலைக் கடிதம் வந்ததும்

கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் அவகாசம் கேட்டு முழுவதும் படியுங்கள். வேலை தருபவர் அந்தத் தொழிற்சாலையா, ஆள் அனுப்பும் ஏஜென்சியா? ஒப்பந்தமா, நிரந்தரமா? தகுதிகாண் காலம் எத்தனை மாதம்? பாண்ட் இருக்கிறதா, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? மருத்துவச் சோதனைச் செலவு யாருடையது?

கைக்கு வரும் தொகையையும் போட்டுப் பாருங்கள். 2,800 வெள்ளிச் சம்பளம் என்றால் இ.பி.எஃப்.புக்கு 11 விழுக்காடாக 308 வெள்ளி போகும். சொக்சோ, வேலைக் காப்புறுதி எல்லாம் கழித்தால் சுமார் 2,470 கைக்கு வரும். அதிலிருந்து பெட்ரோல், பி.டி.பி.டி.என்., வீட்டுக்குக் கொடுப்பது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் 300 வெள்ளி கூடுதலாகத் தரும் வேலையும் கூலிமில் வீட்டிலிருந்து போகும் வேலையும் ஒரே நேரத்தில் வந்தால், பினாங்கு அறை வாடகை, சாப்பாடு, பாலச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டபிறகு முடிவு எடுங்கள். கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அங்கே உண்மையிலேயே அதிகம் என்றால் வீட்டை விட்டுப் போவதற்கும் தயங்க வேண்டாம், அப்பா அம்மாவிடம் கணக்கைக் காட்டிப் பேசுங்கள்.

முதல் மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். இ.பி.எஃப். பணத்தை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்ததாகக் காட்டிவிட்டுக் கட்டாமல் விடும் இடங்களும் உண்டு. அதனால் இ.பி.எஃப். கணக்கை இணையத்தில் திறந்து, இரண்டாவது மாதத்திலேயே பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் முதலில் மனிதவளப் பிரிவில் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்மொழியாக வேண்டாம். பதில் வராவிட்டால் சம்பளச் சீட்டுகளோடு இ.பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அந்தக் கணக்கைத் திறந்திருக்கும்போதே வாரிசு நியமனத்தையும் முடித்துவிடுங்கள், அதற்கு அம்மா அல்லது அப்பாவின் ஐ.சி. எண் கையில் இருக்க வேண்டும்.